அளவுத் துணி

தையல்காரி யார் மேலும் டேப் வைக்க மாட்டாள். அது அவள் கடையின் சட்டம். "நல்லாப் பொருந்துற பழைய துணி ஒண்ணு கொண்டு வாங்க, அதை வெச்சே வெட்டிடுறேன்" என்பாள். பிறத்தியார் மேல் கை வைப்பது அவளுக்கு ஆகாது. தன் மேல் யாரும் கை வைப்பது அதைவிட ஆகாது. ஏன் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப் போனவன் அவளை விற்றதும், பூட்டிய வீட்டில் கழிந்த வருடங்களும் தன்னோடு போகட்டும் என்றுதான் முன்பின் பழக்கமில்லாத இடத்தில் கடை போட்டிருந்தாள்.

சிலர் அந்தச் சட்டத்தைத் தலைக்கனம் என்றார்கள். எதிர் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அதுவே பிடித்துப்போனது. நர்ஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். "நாளைக்கு நாளைக்குன்னு சொல்றியே, உன் நாளைக்கு எப்பத்தான் வரும்?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். திட்டு வாங்குவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். பரிதாபப்படுகிறவர்கள் திட்ட மாட்டார்களே. நர்ஸ் திட்டும்போது அவள் வெறும் தையல்காரியாக இருந்தாள்.

மெஷின், அவளை மீட்டுத் தையல் சொல்லிக்கொடுத்த இல்லம் தந்தது. அந்த நன்றி அவளுக்கு உண்டு. ஆனால் நன்றியைத் தவணை போட்டு வசூலிக்கிறவர்களை என்ன சொல்ல!

ஒரு நாள் மத்தியானம் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா வேனில் வந்து இறங்கினார். கூடவே ஒரு காமிராக்காரரும், மெஷினுக்குப் பணம் கொடுத்த பெரிய மனிதரும். நர்ஸ் அப்போதுதான் புது யூனிஃபார்ம் துணியையும் அளவுக்குப் பழையதையும் மேஜை மேல் வைத்திருந்தாள்.

"சாருக்கு ஒரு சட்டை அளவெடும்மா. அப்படியே ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாம்" என்றார் பொறுப்பாளர் அம்மா. புத்தம் புது டேப் ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார். பெரிய மனிதர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"நான் டேப் வைக்கிறதில்ல சார். அளவுச் சட்டை கொண்டு வாங்க."

"கூச்சப்படாதம்மா, அப்பா மாதிரி நினைச்சுக்க" என்று அவர் அவள் தோளில் கையைப் போட்டுக் காமிரா பக்கம் திருப்பினார். அப்பா மாதிரியாம்! அவளை விற்றவனும் உறவு சொல்லித்தான் கூட்டிப் போனான்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பொறுப்பாளர் அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. சமாளிக்க வேண்டுமே, நர்ஸ் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க. பாவம், இதை எந்த மாதிரி இடத்துலேர்ந்து மீட்டுக்கிட்டு வந்தோம் தெரியுமா?" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். மீட்டவர்களே அவளை மறுபடியும் கடைச் சரக்காக விரித்துப் போட்டார்கள். இதற்குப் பெயர் உதவி!

தையல்காரி மெஷின் பக்கம் போனாள். பிளக்கைப் பிடுங்கி, மெஷினை இழுத்துக்கொண்டு போய் வேன் பக்கத்தில் விட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க."

"அவசரப்படாத. சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"கையால தைப்பேன். என் கதையை வித்து வர்ற சோறு எனக்கு வேண்டாம்."

சமாதானம் சொல்வார்கள் என்று பார்த்தால், நிஜமாகவே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் உள்ளே வந்தபோது நர்ஸைக் காணவில்லை. துணி மட்டும் மேஜை மேல் கிடந்தது. தைக்கச் சொல்லி விட்டுப் போனாளா, மறந்துவிட்டுப் போனாளா, தெரியவில்லை.

கையாலேயே தைத்தாள். ஆத்திரத்தில் ஊசியைக் குத்திக் குத்தி இழுத்தாள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தன் பல்லை இளித்தான். நர்ஸும் 'ஐயோ பாவம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கடையைச் சாத்திவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான் என்று முடிவு செய்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் வந்தாள். நேரே மேஜைக்குப் போனாள். யூனிஃபார்மை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கீழ் மடிப்பை விரலால் தடவிக்கொண்டே போனாள். தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்தைத் தைச்சு வெச்சிருக்க? ஓரம் பாம்பு மாதிரி போகுது! இதைப் போட்டுக்கிட்டு வார்டுக்குள்ள போனா, படுத்திருக்கிறவன் எழுந்து ஓடிருவான். பிரிச்சுத் தை."

"நாளைக்குத் தரேன்க்கா."

"உன் நாளைக்குதான் எனக்குத் தெரியுமே!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "தைச்சு முடி. வாங்கிட்டுத்தான் போவேன்."

தையல்காரி குனிந்து தையலைப் பிரித்தாள். கண்ணீர் மறைத்ததில் ஊசியில் நூல் கோக்க வரவில்லை. "இது வேறயா?" என்று நர்ஸ் ஊசியை வாங்கிக் கோத்தாள். திரும்ப அவள் கையில் கொடுக்க நீட்டியவள், ஒரு கணம் நின்று, ஊசியை மேஜை மேல் வைத்தாள்.