வெறுங்கால் ஆட்டம்

மகன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரு நடனக்கூடம். பொழுது சாய்ந்தால் அதன் விளக்குகள் நீலமும் சிவப்புமாக என் மனைவி கழுவும் பாத்திரங்களில் வந்து விழும். பேரனைப் பார்த்துக்கொள்ள அந்த வெளிநாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை: ஒருதரமாவது உள்ளே போய் ஆடிவிட வேண்டும்.

"அதெல்லாம் சின்னவங்க போற இடம்மா. உங்களுக்கு டிவி போதும்" என்று மகன் முடித்துவிட்டான்.

ஊர் திரும்ப மறுநாள் விமானம். பேரனை மருமகளிடம் கொடுத்தோம். மகன் குளிக்கப் போனான், நாங்கள் கிளம்பிவிட்டோம்.

அந்த ஊர்க் கட்டடங்களுக்கிடையே நிலா ஒருக்களித்துத்தான் போகும். நானே பார்த்தேன். நடனக்கூடத்துக் காவலாள் அந்தக் கட்டடங்களுக்குத் தம்பி முறை. எங்கள் செருப்பைச் சுட்டி, கூடாது என்று தலையாட்டினான்.

"இவ்வளவுதானா? நம்ம வீட்லயும் செருப்போட விடறதில்லையே" என்றவள், கழற்றிச் சுவரோரம் வைத்தாள். "உங்களுதையும் கழட்டுங்க."

அவன் கையைக் குறுக்கே நீட்டினான். அதன் கீழே நுழைய அவளுக்குக் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை.

வரிசையில் குதிகால் நோக நின்றிருந்த பெண்கள் அதைப் பார்த்து அத்தனை பேரும் கழற்றினார்கள். செருப்புக் குவியல் காவலாளின் இடுப்புவரை வந்ததாகச் சிலர் சொல்வார்கள். முழங்கால்வரைதான். எனக்கு மிகைப்படுத்தத் தெரியாது.

உள்ளே பாட்டு அடித்த அடியில் என் பல்செட் தனியாகத் தாளம் போட்டது. மனைவி நட்டநடுவில் போய், மாவு சலிப்பதும் போர்வை பிழிவதுமாக ஆடினாள். அந்த வருடத்துப் புது ஆட்டம் போலிருக்கிறது என்று சுற்றி நின்றவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

ஈரத்தலையோடு மகன் வந்து சேர்ந்தான்.

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டா."

"அப்பா, நீங்களாவது சொல்லுங்க."

"உங்கம்மாகிட்ட நான் என்னைக்குடா சொல்லியிருக்கேன்?"

"மானம் போகுதும்மா. வீட்டுக்கு வாங்க."

அவள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. "இத்தனை மாசம் வீட்லயேதானே கிடந்தேன். எங்கயாவது போகணுமான்னு ஒரு வார்த்தை கேட்டியா?" கைப்பையை அவனிடம் நீட்டினாள். "இதப் பிடி. இந்தப் பாட்டு முடிஞ்சதும் வரேன்."

எங்கள் பிள்ளை ஒழுக்கமானவன். அப்படிப்பட்ட இடங்களுக்குப் போனதே இல்லை. அங்கே பாட்டு முடிவதில்லை, ஒன்றின் வால் அடுத்ததன் வாய்க்குள் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.