தலைப்பிரசவம்

ரயில் சன்னல் கம்பிக்கு வெளியே நீண்ட மகன் வீரமலையின் கையை இரண்டு கையாலும் பற்றியிருக்கிறாள் பேச்சாயி, அட்டன் ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி, கோச்சி இன்னும் கிளம்பவில்லை, கிளம்பினால் தலைமன்னார், அப்புறம் கப்பல், அப்புறம் வீரமலை இந்தியாக்காரன், இவள் இலங்கைக்காரி, அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது, யார்மேல் என்றே தெரியாத ஆத்திரம், நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை, இந்தக் கை முதன்முதலில் அவள் விரலைப் பிடித்தது இந்த மலையில் இல்லையே, துறையூர்ப் பக்கத்தில், அவள் அம்மா வீட்டில், வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகாதவளை நாதியற்றவள் என்பார்கள், தேயிலைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் சனம் அதை மட்டும் விடவில்லை, புருஷன் சடையன் அவளை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவன், ஏழாம் மாசம் அவனே கூட்டிப்போய்க் கப்பலேற்றினான், லயத்து வரிசைவீட்டுப் பெண்களெல்லாம் கொடுத்துவைத்தவள் என்று கண்வைத்தார்கள்.

பிள்ளையோடு திரும்பி வருகிறாள், அது தவழ்கிறது, இந்தியாவுக்குச் சுதந்திரம் என்கிறார்கள், லயத்தில் சாமி கும்பிட்டு விடியவிடியத் தப்படிக்கிறார்கள், அது எழுந்து நடக்கிறது, இலங்கைக்கும் சுதந்திரம் என்கிறார்கள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கொடியேற்றி ஆளுக்கொரு பணிஸ் ரொட்டி, கொடுத்தவர் அதே வெள்ளைக்காரத் துரை, வெள்ளைக்காரன் போயிட்டானாமே, அப்ப இவரு யாருங்க என்று சடையன் கேட்க, கங்காணி அவனை முறைத்த முறைப்பு இருக்கிறதே, எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், மறுநாள் அதே கூடை, அதே மழை, கொஞ்ச நாளில் நீங்கள் இந்த நாட்டுச் சனமே இல்லை என்று சட்டம் வந்தது, இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் அழைத்து இரண்டு வீட்டிலும் இலை போடாத கதைதான், சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

சடையன் கண்ணை மூடிய பிறகுதானே, ஆமாம், பிறகுதான், இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து சனத்தைப் பங்குபோட்டன, தோட்டத்து ஆபீசில் அதிகாரி கேட்கிறார், கணக்கப்பிள்ளை தமிழில் சொல்கிறார், பிள்ளைகள் எங்கே பிறந்தன, இளையவர்கள் இங்கேதான் என்கிறாள், மூத்தவனைக் கேட்டதும் அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு, நாதியில்லாமலா பெத்தேன், எங்கம்மா வூட்டுலங்க, இந்தியாவுல, என்று அவளே முந்திக்கொண்டு சொல்கிறாள், கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது அப்போது அவளுக்கு விளங்கவில்லை. இங்கே பிறந்த சடையனின் பெண்சாதி என்று அவளுக்கும், இங்கே பிறந்ததால் இளையவர்களுக்கும் இந்த நாடு கிடைத்தது, அங்கே பிறந்த மூத்தவனுக்கு இல்லை, நாலு வருஷம் அலைந்தும் இல்லை.

மணி அடிக்கிறார்கள், வீரமலைக்குப் பக்கத்தில் மருமகள் அஞ்சலை, ஏழு மாசம், முறைப்படி இது அவள் தாய்வீட்டுக்குப் போக வேண்டிய மாசம், தாய்வீடு பக்கத்து லயம்தான், பெற்றவள் இதோ பிளாட்பாரத்தில் புரண்டு அழுகிறாள், மகளோ அதைவிட்டுக் கடல் தாண்டிப் போகிறாள், அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து கேட்கிறாள், அத்தே, புள்ளய நான் எங்க பெத்தா நல்லதுன்னு சொல்லுங்க. பேச்சாயிக்குக் கப்பலேறக் காத்துக்கிடந்த மண்டபம் முகாமும் துறையூரும் லயமும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன, எதைச் சொல்ல, அம்மா வீட்டையா, மாமியார் வீட்டையா, எந்த வீட்டுக்கு எந்தக் கொடி, கோச்சி ஒரு குலுக்குக் குலுக்குகிறது, அவள் நடக்கத் தொடங்குகிறாள்.

எங்க பெத்தாலும், ஏன் அங்க பெத்தேன்னு எவனாச்சும் வந்து கேப்பான் தாயி, நீ பெத்துக் கையில வச்சுக்க.

சொல்லிவிட்டு விரல்களை விரித்துவிட்டாள், மகன்தான் விடவில்லை, அவள் ஓடுகிறாள்.