மணல் இரண்டு, மணல் மூன்று

முகம்மது தம்பி மேசன் 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கட்டிய வீட்டின் கொங்கிரீட் தூண்கள் இன்றுவரை இறுகவில்லை. ஏழாம் நாள் பலகை கழற்றியபோது தூண்கள் நேராகத்தான் நின்றன. கூரையையும் குறையின்றித் தாங்கின. ஆனால் விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போனது, எடுத்தால் குழி அப்படியே இருந்தது. மழையில் அவை கரையவில்லை, வெயிலில் வெடிக்கவில்லை. வீட்டுத் திட்டத்து அதிகாரி வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சுத்தியல் பிடிவரைக்கும் புதைந்து, அதை இழுத்தெடுக்க அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரமாயிற்று. அவருடைய படிவத்தில் 'திருப்தி', 'உடைந்தது' என்ற இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. உடையவில்லை என்பதால் 'திருப்தி' என்பதில் புள்ளடி போட்டுவிட்டுப் போனார்.

கடல் வந்த நாளில் மேசனின் மனைவியும் கல்முனைக்குடிக் கரையோரம் இருந்த வீடும் ஒரே அலையில் போயிருந்தன. மிஞ்சியது இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் ஸுல்பிகா, இளையவள் முனவ்வறா. அந்தப் பகுதியில் பெண்ணைக் கேட்டு வருகிறவர்கள் முதலில் வீட்டைத்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளை குடியிருக்க வருவது பெண்ணின் வீட்டுக்கு. ஆகவே வயலை நிரப்பி உண்டாக்கிய புதுக் குடியிருப்பில் ஸுல்பிகாவின் பெயரில் ஒரு வீடு கிடைத்தபோது, அதைத் தன் கையாலேயே கட்டுவேன் என்று மேசன் சொன்னார். சீமெந்து கொடுத்தது ஒரு நிறுவனம், கல் கொடுத்தது இன்னொரு நிறுவனம். முதல் நிறுவனத்தின் தாளில் சீமெந்துக்கும் மணலுக்கும் விகிதம் 1:2 என்று இருந்தது. இரண்டாவது நிறுவனத்தின் தாளில் மணலுக்கும் கல்லுக்கும் 3:5 என்று இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால்தான் சாமான் இறங்கும் என்றார் அதிகாரி. முப்பது வருடம் கையால் கலந்த மேசன் தாளைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த முனவ்வறாவிடம் கொடுத்தார். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். மணல் இரண்டு தாளிலும் வருகிறது, ஒரு தடவை எழுதினால் போதும் என்று நினைத்து 1:2:5 என்று எழுதினாள். அந்தத் தாளை மேசன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெருவில் கண்டவர்களிடமெல்லாம், "எண்ட சின்ன மகள் போட்ட கணக்கு" என்று காட்டினார்.

வீட்டுக்குக் கூரை போட்ட அடுத்த மாதம் பாடசாலையில் கணித ஆசிரியர் குணம் சேர், விகிதங்களை இணைப்பது எப்படி என்ற பாடத்தைத் தொடங்கினார். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிற அவர் கணிதத்தைத் தவிர வேறொன்றையும் கதைக்கமாட்டார். "நடுவில இருக்கிறது ரெண்டுலயும் ஒரே பெயர்தான். ஆனா ஒண்டுல ரெண்டு, மற்றதுல மூண்டு. ரெண்டையும் ஆறாக்குங்கோ. அதுக்குப் பிறகுதான் சேர்க்கலாம்" என்றார். கரும்பலகையில் 3:6, அதற்குக் கீழே 6:10, அதற்குக் கீழே 3:6:10. முனவ்வறா அந்த மூன்றாவது வரியைப் பார்த்தாள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்டு வெளியே போனாள். அதன் பிறகு அவள் அந்த வகுப்பறைக்குத் திரும்பி வரவில்லை. வயிற்று வலி என்று முதல் வாரம் சொன்னாள். இரண்டாம் வாரம் யாரும் கேட்கவில்லை.

வீடு பார்க்க முதலில் வந்தவர்கள் சம்மாந்துறைக்காரர்கள், ஆலை வைத்திருந்தவர்கள். மாப்பிள்ளையின் மாமா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே முன் விறாந்தைத் தூணில் சாய்ந்தார். எழும்பியபோது அவருடைய முதுகு, சட்டையின் தையல் உட்படத் தூணில் பதிந்திருந்தது. அவர்கள் நல்லபடியாகக் கதைத்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. மூன்று வருடத்தில் ஏழு முதுகுகள் பதிந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவற்றை ஊர்ப் பெயரால் அழைத்தார்கள்: அது சம்மாந்துறை முதுகு, இது நிந்தவூர் முதுகு, ஒட்டகம் மாதிரி இருப்பது அக்கரைப்பற்று முதுகு. பிறகு, தூண் இறுகாததற்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. மேசன் ஆற்று மணல் போடவில்லை, கடல் வந்த நாளில் மௌத்தானவர்களை அடக்கிய கடற்கரை மணலை அள்ளிப் போட்டுவிட்டார் என்றார்கள். மணல் ஏற்றி வந்த உழவு மிசின்காரன் கட்டாருக்குப் போய்விட்டதால் சாட்சி இல்லை. "சொந்தப் பொண்டாட்டி கிடக்கிற மண்ணக் கொழச்ச மனிசன் கா" என்று கிணற்றடியில் ஒருத்தி சொன்னது முனவ்வறாவின் காதில் விழுந்தது. அவள் வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். உண்மை அவளுடைய நாக்கின் நுனியில் இருந்தது. அது அங்கேயே இருந்தது. மேசனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் வலை தைக்கப் போனார். முனவ்வறா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிடப் பழகினாள்.

2009ஆம் ஆண்டு மே மாதம் யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்னது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தக் கிழமை பள்ளிவாசலில் கந்தூரி கொடுத்தார்கள். கந்தூரிச் சோறு சஹன் என்ற பெரிய தட்டில் வரும், ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். மேசன் ஒரு சஹனில் போய் இருந்தார். ஒருவர் இருமிக்கொண்டு எழும்பினார், இன்னொருவர் செருப்பைத் தேடப் போனார், சற்று நேரத்தில் ஆறு பேருடைய சோற்றுக்கு முன்னால் மேசன் தனியாக இருந்தார். அவர் ஒரு பிடியும் அள்ளவில்லை. வீட்டுக்கு வந்து, "மகள், சோறு இரிக்கா?" என்று கேட்டார். கந்தூரிக்குப் போனவர் சோறு கேட்டதிலேயே முனவ்வறாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழஞ்சோற்றைப் போட்டுக் கொடுத்தாள். அவர் கை கழுவ எழும்பியதும் அவள் முன் விறாந்தைக்குப் போனாள். தெருவைப் பார்த்து நிற்கும் தூணில், முதுகு பதியாமல் மிஞ்சியிருந்த இடத்தில், விரலால் எழுதினாள்: 1:2. 3:5. பிறகு 3:6. 6:10. பிறகு 3:6:10. அதற்குக் கீழே, "நான் எழுதிக் கொடுத்தது 1:2:5. கணக்குப் பிழை என்னுடையது. மணல் ஆற்று மணல்." அதற்கும் கீழே தன் முழுப் பெயர்.

மேசன் வந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். அவருக்கு நேரம் எடுத்தது.

"எனக்குத் தெரியும் மகள்" என்றார். "மூணாம் வாளி கொட்டக்குள்ளயே கல்லு கூடிப்போச்செண்டு கைக்குத் தெரிஞ்ச."

"அப்ப ஏன் வாப்பா போட்டீங்க?"

"நீ படிச்ச புள்ள. நான் கையெழுத்துப் பழகினதே எண்ட கலியாணத்துக்குத்தான். எண்ட கைதான் பிழையாக்கும் எண்டு நினைச்சன்."

"பொறகு சொல்லியிருக்கலாமே. மூணு வருசம்."

"என்னத்தச் சொல்ற? பள்ளிவாசல்ல எழும்பி நிண்டு எண்ட மகளுக்குக் கணக்குத் தெரியாதெண்டா?"

முனவ்வறா நிலத்தைப் பார்த்தாள். தான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்ததை மூன்று வருடமாக அவர்தான் ஒளித்து வைத்திருந்தார். மேசன் அவளுடைய பெயரை மட்டும் அழித்துவிடப் பெருவிரலால் தேய்த்தார். விரல்தான் உரிந்தது. எழுதிய இடம் முழுவதும் கருங்கல்லைப் போல இறுகியிருந்தது.

அடுத்த ஜும்ஆத் தொழுகை முடிந்து ஊர் முழுக்க வந்து வாசித்தது. ஆறையும் பத்தையும் விளங்காதவர்களுக்கு விளங்கியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். கிணற்றடியில் கதைத்த பெண் ஒரு சீப்பு வாழைப்பழத்தை விறாந்தையில் வைத்துவிட்டுப் போனாள். குணம் சேர் சைக்கிளைச் சாத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "ஓம், சரி. வழியும் காட்டியிருக்கிறாய்" என்று சொல்லி, பக்கத்தில் மெதுவாக இருந்த இடத்தில் விரலால் ஒரு 'சரி' போட்டார். அதுவும் உடனே இறுகியது. பாடசாலைக்கு வா என்று அவர் கேட்கவில்லை, அவளும் போகவில்லை. அடுத்த கந்தூரியில் மேசனையும் சேர்த்து அவருடைய சஹனுக்கு ஆறு பேர் இருந்தார்கள்.

மற்றத் தூண்கள் இறுகவில்லை. மருதமுனையிலிருந்து மசூர் என்ற தையல்காரர் வீடு பார்க்கத் தனியாக வந்தார், சாய்ந்தார், பதிந்தார், திரும்பித் தன் முதுகைப் பார்த்தார். "சாய்ஞ்சிருக்க வசதியாத்தான் இரிக்கி" என்றார். ஸுல்பிகாவைக் கலியாணம் செய்து இன்றைக்கும் மாலையில் அதே பள்ளத்தில்தான் சாய்ந்திருக்கிறார். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்த உயரம் வருடா வருடம் உள்ளங்கையாகத் தூணில் இருக்கிறது. முனவ்வறா தெருப்பக்கத் தூணைக் கடக்கும்போது மட்டும் இப்போதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். அந்த ஒரு சாண் இடத்தைத் தவிர, அந்த வீட்டுத் தூண்களில் ஆணி அடிக்கச் சுத்தியல் தேவையில்லை. பெருவிரலால் அழுத்தினால் போதும்.