ஒரு ஷீட்டு மட்டும்

"தேவா, கடப்பாறைய கீய குடு" என்றான் ஜீவா.

தேவா ஏணியில் பாதி ஏறியிருந்தான். ஜீவாவின் தாய்மாமன் மகன். எந்த வேலையையும் உடைப்பதிலிருந்து தொடங்குகிறவன். "இன்னா மச்சான், ஒரே போடு. ரெண்டு நிமிசத்துல வழி உட்டுடலாம்."

"உடைக்கக் கூடாது. குடு."

உள்ளே ஐஸ் பெட்டிக்குள் துலுக்கானம் படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் டீயைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர், மகன் ஜீவா வந்து தொட்டபோது ஆறிப்போயிருந்தார். ரொம்ப நாளாகவே நெஞ்சு சரியில்லை. அவருடைய அண்ணன் கோதண்டம் வந்ததும் வராததுமாகக் காலண்டரைப் பார்த்து, "அவிட்டத்துல போயிட்டான்" என்று தலையில் கை வைத்தார். அவிட்டத்தில் செத்தால் அடைப்பு, உயிர் போகிற வழி அடைபட்டுவிடும் என்பார்கள். முன்னெல்லாம் கூரையைப் பிரித்துப் பிணத்தையே அந்த வழியாகத்தான் எடுப்பார்களாம். இப்போது தலைமாட்டுக்கு மேலே வழி திறந்துவிட்டால் போதும், பிணம் வாசல் வழியாகவே போகலாம்.

திறக்க வேண்டிய கூரைதான் வில்லங்கம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, உடைத்தால் கிளம்பும் தூசி நெஞ்சில் இறங்கிவிடும். துலுக்கானம் அந்த ஷீட்டு கம்பெனியில்தான் முப்பது வருடம் வேலை பார்த்தார். ஓரம் தட்டிப்போனதாக ஒதுக்கியதை அங்கேயே வாங்கி வந்து, முத்தாபுதுப்பேட்டையில் இந்த வீட்டுக்குத் தானே ஏற்றினார். ஓலைக்குடிசையில் பிறந்தவருக்கு அது பெரிய விஷயம்.

மகனுக்கு வாய்த்த தொழிலோ, ஊரார் வீட்டிலிருந்து அதே ஷீட்டைக் கழற்றுவது. கழற்றிவிட்டு, பால், ஜூஸ் அடைத்து வந்த காலி அட்டை டப்பாக்களை அரைத்து அழுத்திச் செய்த ஷீட்டைப் போடுவான். பட்டாபிராம் வரைக்கும் அவன் மாற்றிய கூரைகள் உண்டு. தன் வீட்டுக்கென்று வாங்கியவை மட்டும் ஒரு வருடமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தன. "ஜூஸ் டப்பாவுக்குக் கீய நான் படுக்க மாட்டேன். என் கையால செஞ்சது மேல கீது. எவனும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டார் துலுக்கானம். ஜீவாவின் மகள் கவிப்பிரியாவுக்கு மூச்சிழுப்பு நிற்கவில்லை என்று அவன் மனைவி விஜி, கூரை மாறினால் வருகிறேன் என்று குழந்தையோடு நெமிலிச்சேரியில் வாடகைக்குப் போய்விட்டாள். ஜீவா இங்கே பாதி, அங்கே பாதி.

இன்றைக்கும் விஜி குழந்தையை எதிர்வீட்டு ஜமீலாவிடம் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். வாசலுக்குள் நுழையாமல் பந்தலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜீவா எல்லாரையும் வெளியே அனுப்பினான். ஐஸ் பெட்டியைத் தார்ப்பாயால் மூடினான். முகமூடி மாட்டிக்கொண்டு குழாயை எடுத்து ஷீட்டை நனைக்கத் தொடங்கினான்.

"தண்ணி எதுக்குடா?" என்றார் கோதண்டம்.

"தூசி கெளம்பக் கூடாது பெரிப்பா."

"முப்பது வருசம் அந்தத் தூசியிலதாண்டா நின்னான் அவன்."

"அதான் பெரிப்பா."

கோதண்டம் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

சட்டத்தின் மேல் பலகை போட்டு ஜீவா ஏறினான். அத்தனை வருடத்து நட்டு துருவேறித்தான் இருக்கும் என்று ரம்பத்தையும் கொண்டுபோயிருந்தான். ஸ்பானரை வைத்து லேசாகத் திருப்பினான். நட்டு சுழன்றது. அப்புறம் விரலாலேயே கழன்று வந்தது. விரலில் பிசுபிசுப்பு. கிரீஸ். அடுத்ததும் அப்படியே. பக்கத்து ஷீட்டின் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தான். எல்லாவற்றிலும் கிரீஸ்.

ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்று ஏறி மறைந்திருந்த ஓரத்தை மெல்லத் தூக்கினான். அங்கேயும் பெயிண்ட். உள்பக்கம் நீலப் பெயிண்ட் அடித்திருந்தது அவனுக்குத் தெரியும். அப்பனுக்கு ஷீட்டின் மேல் இருக்கும் பெருமை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். யாரும் பார்க்காத ஓரத்தில், தட்டிப்போன முனையில், ஆணி ஓட்டையைச் சுற்றி, கோட்டு மேல் கோட்டாக எதற்குப் பெயிண்ட்?

"யம்மா, நைனா மேல ஏறுனாரா?" என்று பந்தலைப் பார்த்துக் கேட்டான்.

தாயம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நீ வேலைக்குப் போனப்புறம் ஏறுவாரு. மூச்சு வாங்கிக்கினே ஏறுவாரு. புள்ளக்கு இழுப்பு வந்ததுலேர்ந்து."

"எதுக்குமா?"

"தூசி கொட்டக் கூடாதுன்னுதான். உன்கிட்ட சொல்லாதன்னுட்டாரு."

"அப்போ மாத்தலாம்னா மட்டும் ஏன் சண்டைக்கு வந்தாரு?"

"அது வேற" என்றாள் தாயம்மா.

ஜீவாவுக்குக் கோபம் வந்தது. இறங்கிப் போய் அந்த மனிதரை எழுப்பி உட்காரவைத்து, தெரியும்னா சொல்லிருக்க வேண்டியதுதானே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. முகமூடிக்கு மேலே முழங்கையால் துடைத்துக்கொண்டான். தேவா ஒரு பக்கம் பிடிக்க, ஷீட்டு கீறலில்லாமல் முழுசாகக் கீழே இறங்கியது. தார்ப்பாயை எடுத்ததும் வெயில் நேராக ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் விழுந்தது. துலுக்கானத்தின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

மத்தியானம் எடுத்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்து வந்தபோது, பிணம் இருந்த இடத்தில் தாயம்மா விளக்கேற்றி வைத்திருந்தாள். திறந்த கூரையிலிருந்து இறங்கிய காற்றில் அது நிற்காமல் ஆடியது.

"வழி உட்டாச்சி. அதையே தூக்கி மூடிடு" என்றார் கோதண்டம். "அவன் கையால செஞ்சது."

கழற்றிய ஷீட்டைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான் ஜீவா. "இனிமே அது மேல ஏறாது பெரிப்பா."

"அப்பன் போயி ஒரு நாளு ஆவல."

கோதண்டம் தாயம்மாவைப் பார்த்தார். அவள் விளக்குக்குக் கையை அணை கொடுத்திருந்தாள்.

"புச்சு ஷீட்டையே ஏத்துடா, வெளக்கு அணையப் போவுது" என்றாள்.

சுவரோரம் கிடந்த ஷீட்டுகளில் ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனான். பரணில் அப்பனின் கிரீஸ் டப்பா பாதி மிச்சமிருந்தது. ஒவ்வொரு நட்டுக்கும் தடவித்தான் முறுக்கினான். கீழேயிருந்து பார்த்தால் பழைய நீலத்துக்கு நடுவே அந்த ஒரு பட்டை மட்டும் பழுப்பாக, அங்கங்கே டப்பாக்களின் வெள்ளிப் பொடி மினுக்கித் தெரிந்தது.

அவன் இறங்கியபோது விஜி வாசற்படியில் நின்றிருந்தாள். மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்ததெல்லாம்?" என்றாள்.

"காரியம் முடியட்டும். ஒரே நாள்ல எறக்கிடலாம். ஒண்ணையும் உடைக்க வேணாம்" என்றான் ஜீவா. "எல்லாத்துக்கும் கிரீஸ் போட்டு வெச்சிகீறாரு."

விஜி தெருவைத் தாண்டி ஜமீலா வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது தூங்கிப்போன கவிப்பிரியா தோளில் இருந்தாள். கையில் குழந்தையின் மருந்துப் பை. உள்ளே வந்து, சுவர் ஆணியில் தொங்கிய துலுக்கானத்தின் சட்டையைச் சற்றே ஓரமாக ஒதுக்கி, அதே ஆணியில் பையை மாட்டினாள்.