ஐந்தாவது தோட்டா

ஈரமான மெல்லிய தாளை ஈயக் குண்டின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, அடியில் வாலைத் திருகிவிட வேண்டும். காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். துப்பாக்கிக் கிளப்பின் பின்னறையில் நான் அதைச் செய்வதைப் பார்த்து, தரை துடைத்துக்கொண்டிருந்த அப்பா சிரிப்பார்.

"ஊரில சுருட்டுக் கொட்டிலுக்குப் போயிருந்தா நல்லா உழைச்சிருப்பாய்."

சோதினை எழுதாமலே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எனக்குக் குரல் வராது. வீட்டில் சும்மா கிடக்கிறேன் என்று அப்பா சனிக்கிழமைகளில் தன்னோடு வேலைக்குக் கூட்டிப்போவார். அங்கே உறுப்பினரான மிஸ்டர் பார்லோவிடம் பழைய காலத்து மாதிரியில் செய்த துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் ஏறும். அவருக்குக் கை நடுங்கும். அவர் பக்கத்தில் இருக்க, நான்தான் பித்தளைக் கூட்டுக்குள் கருமருந்தை நீளக் குழாய் வழியாக மெல்ல இறக்குவேன். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் விட்டால் துப்பாக்கியே வெடித்துவிடும். நான் கையால் செய்த ஒன்றிடம் இன்னொரு மனிதர் தன் முகத்தை நம்பி ஒப்படைத்தார். வேறு யாரும் என்னை எதற்கும் நம்பியதில்லை.

வருடத்தில் ஒரு நாள் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு விருந்தாளியைச் சுட அழைக்கலாம். "இந்த முறை நீதான்" என்று பார்லோ மாரியில் சொன்னார். தலையாட்டினேன். எனக்கென்று ஐந்து தோட்டாக்கள் செய்து அங்கேயே அவரது பெட்டியில் வைத்தேன்.

அந்த விருந்தாளி நாளன்று கஸ்பர் அண்ணையும் டை கட்டிக்கொண்டு காரில் ஏறினான். படிப்பு முடித்தும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. பார்லோவுக்கு மிச்சம் என்ற ஊரில் இயந்திரப் பட்டறை ஒன்று இருந்தது.

"என் மகன், சேர். எஞ்சினியர்" என்றார் அப்பா ஆங்கிலத்தில். "இன்றைக்கு இவன் சுடட்டும். மகள் பயந்தவள்."

பார்லோ என்னைப் பார்த்தார். "அப்படியா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்பா தமிழில், உதடு அசையாமல் சொன்னார்.

"பிள்ளை, வாயைத் திறந்திடாதை. அண்ணையின்ர சீவியம்."

வாயைத் திறக்காமலிருக்க எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பார்லோவிடம் ஆமென்று தலையாட்டினேன்.

நான் செய்து வைத்த முதல் தோட்டாவை அண்ணை சுட்டான். வெள்ளைப் புகை எழுந்து அவனை மறைத்தது. அழுகிய முட்டை நாற்றம். குண்டு நடுவில் பட்டிருந்தது. அப்பா கைதட்டினார். பார்லோ ஊதுகுழாயை என்னிடம் நீட்டினார். சுட்ட பிறகு துப்பாக்கிக் குழலுக்குள் கரி காய்ந்து இறுகும். பின்பக்கத்தால் மூச்சை ஊதி ஈரமாக்காவிட்டால் அடுத்த குண்டு வழி தவறும். ஊதினேன்.

"அடுப்பு ஊதுற மாதிரி ஊதடி" என்று அண்ணை சிரித்தான்.

இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் நடுவைச் சுற்றியே. "நல்ல கண் உனக்கு. திங்கட்கிழமை பட்டறைக்கு வா" என்று பார்லோ அவன் தோளில் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

மறுபடி குழாயை வாயில் வைத்தேன்.

"ஊதினது காணும், தோட்டாவைத் தா" என்று அண்ணை கையை நீட்டினான்.

பெட்டியிலிருந்து நான் எடுத்த ஐந்தாவது தோட்டா என் உள்ளங்கைக்குள் சூடேறியிருந்தது. நான் ஊதிக்கொண்டேயிருந்தேன். துப்பாக்கியின் மறுமுனையிலிருந்து என் மூச்சு சாம்பல் நிறத்தில் வெளியேறி, இலக்குகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.