திரும்பி வந்த தட்டு

தோகியே தலை நிமிர்வதற்குள் அவள் கணவர் கானெஜியின் இடது கை தட்டை எடுத்துவிட்டது. அவருக்கான தேநீரில் கூழாக்கும் பொடியைப் போட்டு, கட்டி தட்டாமல் கலக்கிக்கொண்டிருந்தாள் அவள். தண்ணீரைத் தண்ணீராகவே குடித்தால் அது வழி மாறி நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் அவருக்கு எதுவுமே கூழாகத்தான் போக வேண்டும். அந்தக் கலக்கலில் கண் ஒரு நொடி அவரை விட்டு விலகியது. அதற்குள், கடை முழுக்கத் தட்டுகளைச் சுமந்து சுற்றும் பெல்ட்டில் வந்த தட்டு மேஜைக்கு வந்திருந்தது. மேலே இரண்டு தாச்சி. ஆண் காட் மீனின் வயிற்றிலிருந்து எடுக்கும் விந்துப்பை அது. குளிர்காலத்தில்தான் கிடைக்கும். வெள்ளை வெளேரென்று, குட்டி மூளையைப் போல மடிப்பு மடிப்பாகச் சோற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கறுப்புக் கடற்பாசிப் பட்டை.

இலையுதிர் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனால் போகட்டும், தொண்டையையும் சேர்த்தல்லவா இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு துண்டு பேரிக்காய், நகத்தளவுதான் இருக்கும், புரையேறி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டது. பிழைத்தது மறுபிறவி. இன்னொரு தடவை இப்படி ஆனால் வாய் வழிச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள், வயிற்றில் குழாய் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவும் பிழைத்துக் கிடந்தால்தான். அன்று சாயங்காலம் கானெஜி, குழறும் நாக்கை ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்துப் பேசினார்.

"படகுக்கு டீசல் ஊத்துற மாதிரி எனக்கு ஊத்துவாங்க. வேணாம் தோகி. அதுக்கு என்னை விட்டுரு."

குஷிரோ துறைமுகத்தில் காலமெல்லாம் படகு எஞ்சின் பழுது பார்த்த மனிதர். அவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் 'விட்டுரு' என்ற சொல்லை அவள் அன்றிலிருந்து எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு அலைகிறாள்.

இந்தச் சூஷிக் கடைக்கு வர வேண்டும் என்று அடம்பிடித்தது அவர்தான். அவித்த முட்டைக் கூழ் மட்டும், அதுவும் சின்னக் கரண்டியில், ஒவ்வொரு வாய்க்கும் குனிந்து விழுங்க வேண்டும் என்று வீட்டிலேயே பேசி முடித்துத்தான் கூட்டி வந்தாள். எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கை விஷயம் ஊருக்கே தெரியும், இருக்கட்டும். தொண்டை விஷயம் மட்டும் கடையில் யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் வினையாகிவிட்டது. பெல்ட்டுக்கு நடுவில் நின்று சோற்றுப் பிடியின் மேல் மீனை வைத்துச் சூஷி பிடிக்கும் இவாபுச்சி இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகி, "கானெஜி அண்ணே, கை வராட்டி என்ன, வாய் இருக்குல்ல. உங்களுக்குன்னே தாச்சி அனுப்புறேன் பாருங்க" என்று பெரிய துண்டுகளாகப் பார்த்து வைத்து அனுப்பினான். பாவம், அவனுக்கென்ன தெரியும்.

அப்போதுதான் தோகியே அந்தக் காரியத்தைச் செய்தாள். கணவர் கையிலிருந்த தட்டை வெடுக்கென்று பிடுங்கித் திரும்ப பெல்ட்டிலேயே வைத்துவிட்டாள்.

வைத்த கை இன்னும் மடிக்கு வரவில்லை, செய்தது என்னவென்று உறைத்துவிட்டது. தொட்ட தட்டைத் திரும்ப வைக்கக் கூடாது என்று மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளே எத்தனை முறை மகளின் பிஞ்சுக் கையில் அடித்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த மீன் சந்தைக்காரர் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். அவருக்கு அடுத்திருந்த அம்மாள் தட்டைப் பார்த்தாள், தோகியேவைப் பார்த்தாள், பிறகு தன் சூப்புக் கிண்ணத்துக்குள் பார்வையை விட்டுக்கொண்டாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தட்டு ஒவ்வொருவர் முன்னாலும் போயிற்று. ஒவ்வொருவரும் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டார்கள். இவாபுச்சியின் கைகள் சோற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டன. தான் செய்ததில் ஏதோ குறை என்று நினைத்துவிட்டான் போல, காது மடல் சிவந்திருந்தது. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெல்ட் ஒரு வட்டம். அந்தக் கோடியில் திரும்பி, சோயா ஜாடிகளைத் தாண்டி, தட்டு மறுபடி இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. யாராவது எடுத்துவிடக் கூடாதா என்று அவள் தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். எவன் எடுப்பான்? இறால் வந்தது, முட்டை வந்தது, அதன் பின்னால் தாச்சி வந்தது. தன்னைத் தேடிக்கொண்டு வருகிறது, தன் வீட்டைத் தேடிக்கொண்டு வருகிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வேறு வழியில்லாமல் அவளே எடுத்தாள். கானெஜி குச்சியை எடுப்பதற்குள் அவளே ஒன்றைத் தூக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் தாச்சியைத் தொட்டதில்லை. பார்த்தாலே குமட்டும். ஒவ்வொரு குளிர்காலமும் அவர் அவள் மூக்கருகே நீட்டிக் கேலி செய்வார், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது கண்ணை இறுக மூடி மென்றாள். மெல்ல ஒன்றுமே இல்லை. மெல்லிய தோல் ஒன்று உடைந்தது, உள்ளே இருந்தது பாலாடையாக நாக்கில் பரவியது, கடல் குளிரும் ஒரு தித்திப்பும் வந்தன. அட, இதுவா! இத்தனை வருஷம் இதையா வேண்டாமென்று தள்ளினோம் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். நினைத்து முடிக்கவில்லை, விழுங்கலாம் என்று அவள் முடிவு செய்வதற்கு முன்பே அது வழுக்கிக்கொண்டு தானாக உள்ளே போய்விட்டது. கடற்பாசித் துண்டு மட்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நல்ல தொண்டையையே கேட்காமல் கடந்துபோகிற வஸ்து, அந்தத் தொண்டையில் என்ன செய்யும்?

கானெஜி தட்டில் மீதியிருந்த ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்," என்றாள், பக்கத்துக்காரருக்குக் கேட்காத குரலில்.

அவர் வெகுநேரம் எடுத்துச் சொற்களைச் சேர்த்தார். "நல்லாருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் முகம் அதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்டது. அவர் கண்ணில் பழைய போக்கிரித்தனம் எட்டிப் பார்த்தது. நோய் வந்ததிலிருந்து அந்தப் பார்வையை அவள் பார்க்கவே இல்லை. பிள்ளைக்குச் சோறூட்டுவதுபோல் கூழ் ஊட்டி ஊட்டி, புருஷன் எங்கே போனான் என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது. போதாமலும் இருந்தது. பயம் அப்படியேதான் இருந்தது.

குச்சி நுனியால் கடற்பாசிப் பட்டையை உரித்தாள். சோற்றை ஒதுக்கினாள். வெள்ளைச் சுருளை மட்டும் பொடியாகப் பிய்த்து, கூழான தேநீரில் லேசாகப் புரட்டி, கரண்டியின் நுனியில் எடுத்தாள். இவாபுச்சி ஏதோ புரிந்தவன்போல முதுகைத் திருப்பிக்கொண்டு கத்தியைக் கழுவத் தொடங்கினான்.

"குனிஞ்சுக்கோங்க. அவசரமே வேணாம்."

அவர் வாங்கிக்கொண்டார். விழுங்கப் பழக்கும் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி தாடையை நெஞ்சில் பதித்து, கண்ணை மூடினார். தோகியே அவருடைய குரல்வளை மேட்டையே பார்த்தாள். அது அசையவில்லை. பிறகு மேலே ஏறியது, ஏறிய இடத்தில் நின்றது. அவளும் வெறும் வாயை விழுங்கினாள், தான் விழுங்கினால் அவருக்கும் இறங்கிவிடும் என்பதுபோல. இருமல் வரவில்லை. வராமலேயே தப்பான வழியில் போவதும் உண்டு என்று டீச்சர் சொல்லியிருந்தாள். குரலைக் கேட்டால்தான் தெரியும். ஈரமாகக் கொழகொழவென்று வந்தால் நெஞ்சுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

"ஆ சொல்லுங்க."

அவர் கண்ணைத் திறந்தார். உதடு மூடியே இருந்தது. இடது கையின் ஒற்றை விரலைத் தூக்கி அவளை நோக்கிக் காட்டினார். நீ முதலில்.

சிரிக்கும்போதுகூடக் கையால் வாயை மறைத்துக்கொள்கிறவள் தோகியே. அந்தக் கடையில், அத்தனை பேர் பார்க்க, அண்ணத்தில் ஒட்டிய கறுப்புத் துணுக்கோடு வாயை அகலத் திறந்து "ஆ" என்றாள். திறந்தபடியே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் உதடுகள் மெல்லப் பிரிந்தன.