அஞ்சாம் படி மாளிகை

1

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. ஒரு மாளிகையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அது இருந்தது ஒரு லேப்டாப்புக்குள்ளே. கம்பம் போகிற பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர் இதைப் பேசிச் சிரித்தார்கள். பாதியில் இறங்கிவிட்டார்கள். மீதியை நான் கட்டினேன். எது என் மீதி என்று சொல்ல மாட்டேன்.

முதலில் எழுதியது: "சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தலின் மேல் மேகம் இறங்கி—" வேண்டாம். ஆபீஸ் கதைக்கு மேகம் எதற்கு?

2

ரோஸ்லின் வீட்டில் இதுவரை ஒருவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதை அரசாங்கம் ஒப்புக்கொள்கிற காகிதம்தான் முதல் பட்டதாரிச் சான்று. இன்று ஐந்து மணிக்குள் அதைக் கல்லூரிக்கு அனுப்பாவிட்டால் அவள் இடம் போய்விடும். துணை வட்டாட்சியர் பாண்டீஸ்வரன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'ஒப்புதல்' என்று ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அவரோ பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ராஜ்யம் ஆண்டுகொண்டிருந்தார். பழங்காலத்து ராஜா விளையாட்டு. அதில் ஊருக்கு ஒரு அரசாங்கக் கட்டடம்: சாவடி, கச்சேரி, கோட்டை, அரண்மனை, அஞ்சாம் படியில் மாளிகை. படி ஏற ஏற வரி கூடும், காவல் கூடும். சனத்துக்கு என்ன கூடும் என்று அதில் போடவில்லை.

(அவருடைய நிஜ ஆபீஸும் படி ஏறியதுதான். ஓட்டுக் கட்டடமாக இருந்தபோது மனுக்காரர்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கான்கிரீட் வந்ததும் வராந்தாவுக்கு வந்தார்கள். போன வருசம் கண்ணாடிச் சுவர் வந்தது. இப்போது வெயிலில் நிற்கிறார்கள், இன்றைக்குப் பதினோரு பேர். உள்ளே நடப்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.)

"சார், நாலு நாப்பது ஆச்சு," என்றாள் ரோஸ்லின், கண்ணாடி ஓட்டை வழியாக.

"சர்வர் டவுனும்மா."

பட்டாவுக்காகப் பின்னால் நின்ற ஒச்சாண்டி சொன்னார்: "ஆத்தா, சார் சண்டையில இருக்காக. செயிச்சிட்டு வருவாக, பேசாம நில்லு."

3

பாண்டீஸ்வரனைக் கொஞ்சம் நல்லவராக எழுதிப் பார்த்தேன். அவருக்கு நோயாளி அம்மா ஒருத்தி, அவளுக்கு வேளாவேளைக்கு மருந்து— அடித்துவிட்டேன். பதினோரு பேரை வெயிலில் நிறுத்தினவருக்கு நான் எதற்கு அம்மா கொடுக்க?

ரோஸ்லினுக்கு அந்த விளையாட்டுத் தெரியும். "சார், அடுத்த சுத்துல கலகம் வந்திரும்," என்றாள்.

அவள் நடையாய் நடந்த பத்து நாளில் முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"மாளிகைய அஞ்சாம் படிக்கு ஏத்திட்டீக. தானியக் கிட்டங்கி ஒண்ணாம் படியிலயே கெடக்கு. சனம் எம்புட்டுத்தான் பொறுக்கும்?"

"ஏத்தா, உள்ள வா. செத்த இதச் சரி பண்ணிக் குடு." நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார், மகராசன்.

4

இங்கே எனக்கு மூன்று வழி. ஒன்று: அவள் ஊரைக் காப்பாற்றுகிறாள், அவர் மனம் உருகி— சீச்சீ. இரண்டு: அவளே ஒப்புதலைத் தட்டிவிடுகிறாள். அப்புறம் ஜெயிலுக்குப் போவது அவரா, அவளா? ஆகவே மூன்று.

ரோஸ்லின் மாளிகையின் மேல் தட்டினாள். 'இடி' என்று ஒரு பொத்தான் வந்தது. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"நாலு அம்பத்திரண்டு சார். என் மனுவைத் திறங்க. இல்லைன்னா இடிச்சிருவேன்."

"ஏய் ஏய்! காலைல இருந்து கட்டுனது, சேவ்கூடப் பண்ணலம்மா!"

"அப்ப வெரசாத் திறங்க."

சர்வர் உடனே எழுந்துவிட்டது. ஒரு பிள்ளையின் படிப்புக்கு அசையாத கை, இல்லாத மாளிகைக்காகப் பறந்தது. நாலு அம்பத்தேழுக்கு அவள் போனில் சான்று வந்தது. ஒரு கையாலேயே கல்லூரிக்கு அனுப்பினாள். மறு கையை எடுக்கவில்லை.

"அடுத்து ஒச்சாண்டியண்ணன் பட்டா, சார்."

5

இதற்கு மேல் எழுத மாட்டேன். விரலை அங்கனயே விட்டுவிட்டேன். பதினோராவது மனுவும் முடிந்த பிறகு அந்த மாளிகையை இடிப்பதா, விட்டுவைப்பதா? உங்கள் இஷ்டம், கண்ணுகளா. உங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் யாருக்கும் எவன் வாசலிலும் காத்துக் கிடக்கிற காலம் வராமல் போகட்டும்.